நோட்டில் நாலாவது கட்டம்

சென்னையில் துணிக்கடைகள் நிறைந்த வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் குடியிருப்பு. காய் வாங்கப் போனாலும் புதுத் துணியோடு திரும்புவேன். பீரோவில் லேபிள் பிய்க்காத சட்டைகள் ஒன்பது.

கண்டதை வாங்கும் இந்த ஆசையை விட, முதலில் ஷாப்பிங் ஆப்களை நீக்கினேன். கை தெருக்கடைக்கு மாறியது. பழையதைக் கொடுத்துத் தீர்த்தேன். பீரோவில் இடம் காலியானதே புதிது வாங்கச் சாக்கானது. செல்வத்தை உதறிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூரில் இருக்கிறது. அங்கே போய் எடுத்த சபதமும் இரண்டு நாள்தான் தாங்கியது.

பலித்தது ஒரு 40 பக்க நோட்டு. ஆசை வந்த உடனே நாலு கட்டத்தில் எழுத வேண்டும்: தேதி, பொருள், விலை, ஆசை வருமுன் கடைசியாக யாரைப் பார்த்தேன். எழுதிய பொருளுக்கு 30 நாள் தவணை; அதன் பிறகே வாங்கலாம். மூன்று வாரத்தில் 17 வரிகள். நாலாவது கட்டத்தில் 11 முறை ஒரே ஆள், கூடப் படித்தவர். எல்லாம் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அதை மட்டும் மியூட் செய்தேன். எண்ணையே பிளாக் செய்தால் நட்பு கெடும், பொறாமை அப்படியே இருக்கும்.

இன்னொன்று, சுலபத்தில் கண்ணில் படாதது: யாரும் கேட்காமலே விலையைச் சொல்லும் பழக்கம். அந்த ஒரு நிமிடப் பெருமைக்காகத்தான் பாதிப் பொருளை வாங்கியிருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால், "நல்லா உழைக்குது" என்பதோடு சரி. விலை சொல்வதை நிறுத்திய பத்தாம் நாளிலிருந்து நோட்டில் வரிகள் குறைந்தன. பெரிய நிம்மதி.

தவணை முடிந்து 17-ல் வாங்கியது இரண்டு: குக்கர் கேஸ்கெட், மழைக்கோட்டு.