அமைலேஸ் மரபணு: எந்தத் திசுவில் எது? கண்டுபிடிக்கும் வழி

மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி முக்கியமாக உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கணையத்திலும் சுரக்கிறது. இரண்டுக்கும் மரபணு வேறு. எது எங்கே வேலை செய்கிறது என்பதை இலவசத் தளங்களை வைத்தே பார்த்துவிடலாம். ஓரிடத்தில் மட்டும் தரவு காலை வாரிவிடும், அங்கே நின்று நிதானமாகப் பார்ப்போம்.

படி 1: மரபணுவைப் பிடியுங்கள். என்சிபிஐ (அமெரிக்க அரசின் உயிரியல் தரவுத்தளம்) தளத்தின் ஜீன் பகுதியில் ஏஎம்ஒய்1ஏ (AMY1A) என்று ஆங்கிலத்தில் தட்டி, மனித மரபணுவைத் திறவுங்கள். வரைபடத்தைச் சற்று விலக்கிப் பார்த்தால் ஏஎம்ஒய்1ஏ, 1பி, 1சி, 2ஏ, 2பி ஐந்தும் 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். '1' உமிழ்நீர் வகை, '2' கணைய வகை. உமிழ்நீர் வகை மூன்று என்பது மாதிரி மரபுத்தொகுதியின் (ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் பொதுவான மனித டிஎன்ஏ வரிசை) கணக்குதான். ஆளுக்கு ஆள் பிரதிகளின் எண்ணிக்கை மாறும். மாவுச்சத்து அதிகம் உண்ணும் மக்களிடம் சராசரியாகக் கூடுதல் பிரதிகள் இருப்பதை 2007இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது.

படி 2: புரதத்தைப் பாருங்கள். யூனிபுரோட் என்ற புரதத் தரவுத்தளத்தில் ஏஎம்ஒய்1ஏ புரதத்தின் நீளம் 511 அமினோ அமிலங்கள். முதல் 15 சுரப்புக்கான முகவரி, பிறகு வெட்டப்பட்டுவிடும். வினை நடக்கும் இடங்கள் 212, 248, 315. பழைய கட்டுரைகளில் இவையே 197, 233, 300 என்று இருக்கும். 15 கழிந்திருக்கிறது, அவ்வளவுதான், குழம்ப வேண்டாம்.

படி 3: திசுவைத் தேடுங்கள். எந்தத் திசுவில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் ஜிடெக்ஸ் தளத்தில் ஏஎம்ஒய்2ஏ என்று தேடினால் கணையம் தனித்து உயர்ந்து நிற்கும். அடுத்து 1ஏ, 1பி, 1சி மூன்றையும் தேடுங்கள். இங்கேதான் சிக்கல். மரபணு இயங்கும்போது உருவாகும் ஆர்என்ஏவைச் சிறு துண்டுகளாகப் படித்துத்தான் எண்ணுகிறார்கள். மூன்றும் கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதால், ஒரு துண்டு எதிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லவே முடியாது. இப்படிப் பல இடத்தில் பொருந்தும் துண்டுகளைக் கணக்கில் சேர்க்காத முறையில் எண்ணிக்கை செயற்கையாகக் குறையும். ஆகவே குறைந்த எண்ணைப் பார்த்து 'இந்த மரபணு இயங்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். புரத அளவிலும் இதே தொல்லைதான். 1ஏ, 2ஏ புரதங்கள் சுமார் 97 சதவீதம் ஒத்தவை. ஒன்றுக்கான ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் மூலக்கூறு) மற்றதையும் பிடிக்கக்கூடும்.

படி 4: பிரித்தறியும் பிரைமர். டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கும் பிசிஆர் சோதனையில், எந்தப் பகுதி என்று குறித்துக் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுதான் பிரைமர்; இரு முனைக்கும் ஒவ்வொன்று வேண்டும். உமிழ்நீர் வகையின் தொடக்கத்தில், புரதமாக மாறாத ஒரு எக்ஸான் (முதிர்ந்த ஆர்என்ஏவில் இடம்பெறும் மரபணுத் துண்டு) கூடுதலாக உண்டு. முன்பிரைமரை அங்கே வையுங்கள், பின்பிரைமரை அடுத்த எக்ஸானில். பிரைமர்-பிளாஸ்ட் என்ற என்சிபிஐ கருவியில் மனித ஆர்என்ஏ முழுவதுடனும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள். உமிழ்நீர்ச் சுரப்பி, கணையம் இரண்டின் சிடிஎன்ஏவையும் (ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏ) ஒரே நாளில் பிசிஆர் செய்து, ஒரே ஜெல்லில் (டிஎன்ஏவை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் கூழ்) ஓட்டுங்கள். கணையத்திலும் அதே அடர்த்தியில் பட்டை வந்தால், முதலில் பிரைமரைச் சந்தேகப்படுங்கள்.