தேனீப் பெட்டி வைப்பது எப்படி: பூச்சி ஓடிப்போன பிறகு நான் கற்றது

போன வருடம் ஆனி மாதம் ஒரு காலை பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பூச்சி இல்லை. ஆறு வதையும் (மெழுகுத் தேனடை) அப்படியே நின்றன. தேனும் இல்லை, குஞ்சும் இல்லை. பல்லி ஒன்று மட்டும் என்னைப் பார்த்துவிட்டு ஓடியது.

முதலில் எறும்பு என்று நினைத்தேன். பிறகு பக்கத்து வயல்காரர் மருந்தடித்ததில் போய்விட்டன என்று அவரோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாகரைப் பக்கம் காட்டுத்தேன் எடுத்துப் பழகிய ஒரு பெரியவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "வாசல்ல செத்த பூச்சி கிடந்திச்சா மனே?" கிடக்கவில்லை. "அப்ப மருந்தில்ல. திங்க ஒண்டுமில்லாத வளவுல பெட்டிய மட்டும் வச்சா அது நிக்குமா?"

அவர் சொன்னது சரி. மருந்து பட்டால் வாசலடியில் செத்துக் கிடக்கும். பசியில் போகிற பூச்சி திட்டம் போட்டுத்தான் போகும். ராணி முட்டையிடுவதைக் குறைக்கும், இருக்கிற குஞ்சு பொரித்து வெளியே வரும், மிச்சத் தேனைக் குடித்துவிட்டு மொத்தமாகக் கிளம்பிவிடும். நம் ஊர்ப் பொந்துத்தேனீயின் குணம் அது. ஆகவே பெட்டி வாங்குவதற்கு முன் வளவை, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள காணியை, பாருங்கள்.

வளவு

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில். மூன்று பக்கமும் வயல், கண்ணுக்கு எல்லாம் பச்சை. ஆனால் நெற்பூவில் மகரந்தம்தான் உண்டு, தேன் கிடையாது. பச்சையைப் பார்த்து ஏமாந்தவன் நான். வைகாசியில் கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று) தொடங்கினால் வளவில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பூவும் கருகிவிடும். ஆவணி வரை அந்தப் பசிக் காலத்துக்கு என்ன பூக்கும் என்பதுதான் கேள்வி. பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும்போது யாரும் தேனீ வளர்ப்பார்கள்.

தென்னை மாதம் ஒரு பாளை விரிக்கும், முருங்கை விட்டுவிட்டுப் பூக்கும். இரண்டும் இருந்தால் பாதிக் கவலை இல்லை. கிணற்றடித் தண்ணீர் பாய்கிற இடத்தில் துளசி, தேசி, கொய்யா, பூசணி வையுங்கள். வேலியில் கொடிரோசா படரவிடுங்கள். ஒருதரம் வேர் பிடித்தால் வெயிலைக் கணக்கெடுக்காமல் குலைகுலையாகப் பூக்கும், நான் வைத்ததிலேயே இதற்குத்தான் பூச்சி அதிகம் வருகிறது. தும்பையையும் தொட்டாச்சுருங்கியையும் புல்லென்று செருக்கி எறியாதீர்கள். வீட்டில் அம்மா "வளவு காடாக் கிடக்கு" என்று ஏசுவார். கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கல் இல்லாவிட்டால் பூச்சி மூழ்கிச் சாகும். பூச்சி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் வரை போய் மேயும், ஆகவே அயலில் வயல் செய்கிறவர்களிடம் மருந்தடிக்கும் நாளைக் கேட்டு வைப்பதும் வேலையில் சேர்த்தி. முதல்நாள் இருட்டியதும் வாசலைக் கம்பி வலையால் அடைத்து, ஈரச்சாக்கை மேலே போட்டு, அடித்து முடிந்த பிறகு திறவுங்கள்.

பெட்டியும் இடமும்

மரநிழலில், முதுகு படுவான் (மேற்கு) பக்கம், வாசல் எழுவான் (கிழக்கு) பக்கம். கச்சான் முகத்தில் அடிக்காது, காலை வெயில் வாசலில் விழும். நான்கு காலையும் தகர டின்னில் நிறுத்திக் கழிவு ஒயில் ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றினால் கச்சான் காலத்தில் இரண்டு நாளில் வற்றிவிடும். ஒயில் ஊற்றியும் எனக்கு முசுறு (மரத்துச் சிவப்பெறும்பு) ஏறியது. பார்த்தால் ஒரு மாவிலை பெட்டியில் உரசிக்கொண்டிருந்தது, அதுதான் அதற்குப் பாலம்.

பெட்டியை ஓடாவியாரிடம் செய்விக்கப் போகிறீர்கள் என்றால் யூடியூப் அளவைக் கொடுக்காதீர்கள். அதில் வருவது பெரும்பாலும் பெரிய வெளிநாட்டுத் தேனீ. அதற்கு, வதை கட்டுகிற மரச்சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடுவுக்கு 35 மில்லிமீட்டர். நம்முடையது சிறியது, 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம். மூன்று மில்லிமீட்டர் என்ன செய்யப்போகிறது என்று நினைத்தேன். வதையை வளைத்துக் கட்டி, இரண்டு சட்டத்தையும் ஒட்டி, ஒன்றைத் தூக்கினால் மற்றதும் பிய்கிற மாதிரிச் செய்துவிட்டன. பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கிறது. ஒரு தடவை போய் நேரில் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கையுறை எனக்குப் பிடிக்காது. விரலில் உணர்வு இல்லாமல் பூச்சியை நசுக்கி, அந்த மணத்துக்கு மற்றதெல்லாம் கொட்ட வரும். தொப்பிக்கு மேல் நுளம்பு வலை போதும். புகைக்கு ஒரு பால்மா டின்னில் தேங்காய்ப் பொச்சு. காசு கொடுத்துப் புகைக்கருவி வாங்கினேன், அது இப்போது அறையில் கிடக்கிறது.

பூச்சி பிடிப்பது

பழைய மண்பானையின் உட்புறம் தேன்மெழுகு பூசி, வாய்க்குப் பலகை வைத்து, ஒரு சின்ன ஓட்டை விட்டு, மரக்கிளையில் நிழலாகக் கட்டுங்கள். மூன்று பானை கட்டினேன், மாசியில் ஒன்றில் ஒரு கூட்டம் வந்து விழுந்தது. பூச்சி காலில் மகரந்தம் சுமந்து உள்ளே போகத் தொடங்கினால் குடியேறிவிட்டது என்று அர்த்தம். பிறகும் ஒரு மாதம் விட்டு வையுங்கள்.

பானையிலிருந்து பெட்டிக்கு

இந்த இடத்தில்தான் என் முதல் கூட்டத்தைப் பாதி கெடுத்தேன். பொழுது சாய்கிற நேரம் செய்யுங்கள். இரண்டு ஊது புகை, அதற்கு மேல் வேண்டாம். வதைகளை ஒவ்வொன்றாக வேரோடு அறுத்து, தேன் உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, குஞ்சு உள்ள பகுதியை மட்டும் சட்டத்துக்குள் வைத்து வாழைநாரால் கட்ட வேண்டும்.

மேல் எது, கீழ் எது? கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி அளவு பார்த்ததில் எனக்கு மறந்துவிட்டது. இரண்டு வதையைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன். வதையின் அறைகள் நேராக இல்லை, வாய் கொஞ்சம் மேல்நோக்கிச் சரிந்திருக்கும். தலைகீழானால் வாய் கீழ்நோக்கிச் சரிந்து பச்சைத் தேன் வழியும், வழிந்த தேனுக்கு எறும்பு வரும், குஞ்சையும் பூச்சியே இழுத்து வெளியே போட்டுவிடும். இப்போது அறுத்தவுடனேயே மேல் விளிம்பில் ஒரு ஈர்க்குத் துண்டு குத்திவிடுகிறேன். ஈர்க்கு எப்போதும் சட்டத்தின் மேல்கட்டைப் பக்கம்.

நார் இறுக்கமாக வேண்டாம், வதை விழாமல் நின்றால் சரி. ஒரு கிழமைக்குள் பூச்சி மெழுகு வைத்து ஒட்டிக்கொண்டு, நாரைக் கடித்துத் துண்டு துண்டாக வாசலால் தள்ளும். நைலோன் நூலால் கட்டினால் அதைக் கடிக்க முடியாது.

ராணி மற்றதை விட நீளம், கருமை. கண்ணில் பட்டால் பெட்டிக்குள் விட்டுவிடுங்கள், மற்றவை பின்னால் வரும். படாவிட்டால் கூட்டமாகத் தொங்குகிற கொத்தை அப்படியே பெட்டிக்குள் உதறுங்கள். வாசலில் ராணித் தகடு (ராணி மட்டும் நுழைய முடியாத ஓட்டைத் தகடு) வைத்து ஐந்து நாளில் எடுத்துவிடுங்கள்.

முதல் கிழமை திறக்கவே கூடாது. நான் தினமும் திறந்தேன்.

பிறகு

கச்சான் மாதங்களில் சீனிப்பாணி: சீனியும் தண்ணீரும் சம எடை, கொதித்து ஆறியது, ஒரு தேத்தண்ணிக் கோப்பை, நான்கு நாளுக்கு ஒருதரம், இருட்டிய பிறகு பெட்டிக்குள். மேலே இரண்டு ஈர்க்கு மிதக்க விடுங்கள். தேனறை (தேனுக்கென்று மேலே வைக்கும் தட்டு) வைத்திருக்கும்போது பாணி கொடுத்தால் நீங்கள் எடுப்பது தேன் அல்ல, சீனி.

தேனறையில் முக்கால் பங்கு அறைகளை மெழுகால் மூடியிருந்தால் எடுக்கலாம். திறந்த அறைத் தேன் புளித்துவிடும். கீழே உள்ள குஞ்சறையின் தேனைத் தொடாதீர்கள்.

பிற்சேர்க்கை (மார்கழி): எழுவான் பக்கம் வாசல் வைத்ததில் வாடைக்காற்று மழை நேராக உள்ளே அடிக்கிறது என்று கல்குடாவிலிருந்து ஒருவர் எழுதினார். உண்மை, எனக்கும் நனைந்தது. கூரைத் தகரத்தை வாசலுக்கு மேல் ஒரு சாண் நீட்டி, பெட்டியின் பின்பக்கத்துக்கு அரை அங்குலக் கட்டை கொடுத்து முன்னால் சரித்தேன். தண்ணீர் தேங்கவில்லை.

இன்னொன்று: "வதையின் அடியில் கச்சான் (நிலக்கடலை) கோது மாதிரி ஒன்று தொங்குது, பிச்சு எறியவா?" என்று அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எறியாதீர்கள் தம்பி, அது ராணி அறை. முதலில் குஞ்சறையில் புது முட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். இல்லையென்றால் அநேகமாகப் பழைய ராணி போய்விட்டது, உங்களிடம் இருப்பது அந்தக் கோது மட்டும்தான்.