டைமிங் செயின் மாற்றும்போது மார்க் சேர்ப்பது

தை மாதக் காலையில், புல்லெல்லாம் உறைபனி வெளுத்திருக்கும் நேரத்தில் காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். எஞ்சினின் செயின் கவர் பக்கமிருந்து சில நொடிகள் கரகரவென்று சத்தம் வந்து அடங்கினால் டைமிங் செயினைச் சந்தேகப்படுங்கள். பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டான கிராங்க்கையும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமையும் ஒத்துச் சுற்றவைப்பது அந்தச் செயின்தான். ஸ்கேனரில் பி0016 என்ற பிழை எண் வந்தால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஆயில் குறைந்தாலோ சென்சார் கெட்டாலோ அதே எண் வரும். அதனால் முதலில் அவற்றைப் பாருங்கள்.

கோத்தகிரியில் என் பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்களிடம் ஸ்பேனரைக் கொடுப்பதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுவேன். நம் ஊரில் காரை கியரில் போட்டு நிறுத்துவதுதான் வழக்கம். செயினைக் கழற்றும் வேலையில் அந்தப் பழக்கம் ஆபத்து. கார் ஒரு சாண் உருண்டாலும் சக்கரத்தோடு கிராங்க்கும் சுற்றும். கேம் அசையாமல் நிற்கும்போது பிஸ்டன் மட்டும் மேலே ஏறினால், பல எஞ்சின்களில் வால்வை இடித்து வளைத்துவிடும். அதனால் சமதளமாகப் பார்த்து நிறுத்துங்கள், நான்கு சக்கரத்துக்கும் கட்டை போடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டால் எஞ்சின் கையில் லேசாகச் சுற்றும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவாருங்கள். கேம் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் மாட்டும் பல்சக்கரத்தில், உள்ள மார்க்குகள் எதிர்ப்பக்கம் நின்றால் இன்னும் ஒரு சுற்று. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும்.

புதுச் செயினில் சில கண்ணிகள் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் புள்ளிக்கு ஒன்று, கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறிகளுக்கு மற்றவை. எந்த நிறம் எதற்கு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அந்த வண்டியின் மேனுவலைப் பார்க்காமல் செயினைத் தொடாதீர்கள். சில டீசல் எஞ்சின்களில் மார்க்கை நம்பி மாட்டவே கூடாது, கேமையும் கிராங்க்கின் முனையில் உள்ள ஃப்ளைவீலையும் பூட்டு ஊசி (பின்) போட்டுப் பூட்ட வேண்டும்.

கிராங்க்கிலிருந்து தொடங்கி, செயினைத் தாங்கும் அசையாத கைடு பக்கம் செயினை விறைப்பாக மேலே கொண்டுபோய்க் கேமில் மாட்டுங்கள். தொய்வு முழுவதும், செயினைத் தள்ளி இறுக்கும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். கைடு பக்கம் தொய்வு நின்றால், டென்ஷனர் தள்ளியதும் கேம் ஒரு பல் நகர்ந்துவிடும். கேமில் 36 பல் இருந்தால் ஒரு பல் என்பது கேமில் 10 டிகிரி, கிராங்க்கில் 20 டிகிரி. குன்னூர் மலைப்பாதையில் ஆள் நிறைந்த வண்டி இழுக்காமல் திணற அது போதும். மார்க்கைச் சாய்வாகப் பார்த்தால் கண் ஏமாற்றும். டார்ச் அடித்து நேர் எதிரே குனிந்து பாருங்கள். மிஸ்ட் இறங்கி இருட்டிக்கொண்டு வந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் மறுநாளைக்குத் தள்ளிவைப்பேன்.

டென்ஷனரை அமுக்கிப் பிடித்திருக்கும் ஊசியை (பின்) உருவியதும் கையாலேயே கிராங்க்கை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்காவது கட்டியாக இடித்தால் நிறுத்திவிடுங்கள், பலம் போடாதீர்கள். இரண்டு சுற்று முடிந்ததும் நிறக் கண்ணிகள் எங்கோ போயிருக்கும். இதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் மறுபடி கழற்றியவர்கள் உண்டு. கண்ணிகள் மாட்டுவதற்கு மட்டும்தான். அவை பழைய இடத்துக்கு வரப் பல சுற்றுகள் ஆகும். இப்போது பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட் குறி, எஞ்சினின் ஹெட்டிலும் பிளாக்கிலும் உள்ள குறியோடு சேர்கிறதா என்பதைத்தான்.

சேர்ந்தால் கவரை மாட்டலாம். ஆயில் கசியாமல் கவரை ஒட்டும் பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியது தடவுங்கள், அது காய விடுங்கள், அப்புறம் புது ஆயிலும் ஃபில்டரும். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனர் என்றால் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி சத்தம் இருக்கும். அழுத்தம் ஏறியும் அடங்காவிட்டால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.