ஆய்வேட்டிலிருந்து அரசுப் பரிந்துரை: இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவது எப்படி?

தொடர்பியல் படித்து ஆய்வேடு முடித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. என் ஆய்வு, புயல் எச்சரிக்கை கடலோர வீடுகளுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றியது. அதை அதிகாரிகள் கையில் எடுத்துப் படிக்கும் குறிப்பாக மாற்ற எனக்கு நான்கு வரைவுகள் ஆயின. அதில் கற்றதைச் சொல்கிறேன்.

1. ஒரே ஒரு முடிவை மட்டும் எடுங்கள்

ஆய்வேட்டில் பத்து முடிவுகள் இருக்கலாம். மாற்றினால் உயிர் பிழைக்கும் என்று நீங்கள் நம்பும் ஒன்று போதும். நான் எடுத்தது, துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கை அடையாளமான புயல் கூண்டு.

'3-ம் எண் கூண்டு ஏற்றம்' என்று செய்தியில் கேட்கிறோம் இல்லையா? அந்த எண்கள் துறைமுகத்துக்கும் கப்பல்களுக்கும் ஆனவை. 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தையே மோசமான வானிலை தாக்கலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது. நான் பேசிய பெண்கள் பலருக்கு எண் தெரிந்திருந்தது. அதைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை.

நல்ல எச்சரிக்கையில் ஐந்து விஷயங்கள் வேண்டும் என்று அமெரிக்கப் பேரிடர் ஆய்வாளர்கள் டென்னிஸ் மிலெட்டியும் ஜான் சோரன்சனும் 1990-லேயே தொகுத்துச் சொன்னார்கள்: யார் சொல்கிறார்கள், என்ன ஆபத்து, எங்கே, எப்போது, நீங்கள் செய்ய வேண்டியது என்ன. கடைசி விஷயம் விடுபட்டால், மக்கள் அக்கம்பக்கம் விசாரித்தே நேரத்தைக் கழித்துவிடுவார்கள்.

2. எழுதும் பேனா யார் கையில்?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:

"மீனவ மக்களிடையே கூண்டு எண்கள் குறித்த விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்."

ஓர் அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, "சரிம்மா, நாளைக் காலையில நான் எந்தக் கோப்பை எடுக்கணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து, ஓர் எச்சரிக்கை எந்தெந்தக் கை மாறிப் போகிறது என்று தாளில் வரைந்தேன். வானிலை ஆய்வு மையம், துறைமுகம், மாவட்ட நிர்வாகம், மீன்வளத் துறை, கடைசியில் ஊர் ஒலிபெருக்கி. கூண்டு எண் முறையை மாவட்ட அதிகாரி மாற்ற முடியாது. ஆனால் ஊருக்குள் வாசிக்கப்படும் அறிவிப்பின் வாசகத்தை மாற்றலாம். பரிந்துரை இப்படி மாறியது:

"கூண்டு ஏற்றப்படும் ஒவ்வொரு முறையும், மாவட்ட மீன்வளத் துறை அலுவலகம் தன் அறிவிப்பில் எண்ணுக்கு அடுத்த வரியிலேயே மீனவர் செய்ய வேண்டியதையும், எத்தனை மணிக்குள் என்பதையும் சேர்க்க வேண்டும். இதற்கான மாதிரி வாசகத்தைச் செப்டம்பர் இறுதிக்குள் எல்லா மீனவக் கிராமங்களுக்கும் அனுப்ப வேண்டும்."

ஒரு சோதனை சொல்கிறேன். வரைவைத் திறந்து 'பட வேண்டும்' என்று தேடுங்கள். ஏற்படுத்தப்பட வேண்டும், மேம்படுத்தப்பட வேண்டும் என்று வரும் இடத்திலெல்லாம் செய்பவர் காணாமல் போயிருப்பார். அவரை எழுவாயாகக் கொண்டுவந்து உட்கார வையுங்கள்.

3. முடிந்தால் பரிந்துரையில் ஓர் எண்ணைக் கொடுங்கள்

அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய கைப்பேசி அவசர எச்சரிக்கைக்கு 90 எழுத்துகள்தான் இடம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அவ்வளவு சின்னச் செய்தியை மக்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை, நீளமான செய்தியே உதவுகிறது என்று காட்டினார்கள். 2016-ல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் வரம்பை 360 ஆக்கியது. 'தெளிவாகத் தொடர்புகொள்ளுங்கள்' என்ற அறிவுரையை எந்த விதியிலும் எழுத முடியாது. 90-ஐ 360 ஆக்குவதை எழுதலாம்.

4. வடிவமும் நேரமும்

இரண்டு ஏ4 பக்கம். பரிந்துரை மேலே, ஆதாரம் அதற்குக் கீழே, ஆய்வுமுறைக்கு நான்கு வரி. பவர்பாயின்ட் வேண்டவே வேண்டாம்; அது கோப்பில் தங்காது, அச்சிட்ட தாள் தங்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பழைய வானவில் எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு வரியும் படிக்க முடியாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆயத்தக் கூட்டங்களுக்கு முன்பே, ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். நவம்பரில் புயலுக்கு நடுவே யாருக்கும் படிக்க நேரம் இருக்காது.

பின்சேர்க்கை

கன்னியாகுமரி மாவட்ட வாசகர் ஒருவர் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார். 2017 ஒக்கி புயலின்போது, ஆழ்கடல் மீனவர்கள் பலர் எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். கைப்பேசி சிக்னலோ கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். ஊர் ஒலிபெருக்கி வாசகத்தை எவ்வளவு திருத்தினாலும் அவர்கள் காதில் அது விழப்போவதில்லை. அவர்களுக்குக் கருவிதான் வேண்டும். 2019-ல் அறிமுகமான ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுவருகிறது; அதிலும் செய்தியைப் பெறத்தான் முடியும், திருப்பி அனுப்ப முடியாது.

அவர் சொன்னது முழுக்கச் சரி. என் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன், நீங்களும் உங்கள் குறிப்பில் இப்படி ஒன்றைச் சேருங்கள்: "இந்தப் பரிந்துரை கரையில் இருப்பவர்களுக்கும் அன்றன்று கடலுக்குப் போய்த் திரும்புபவர்களுக்கும் மட்டுமே பொருந்தும். பல நாள் தங்கி மீன்பிடிப்பவர்களுக்குத் தனி ஏற்பாடு தேவை."