கரப்பான் குடலில் நொதியைத் தேடிப் பார்க்கும் முறை

பூச்சிகளின் செரிமான நொதிகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் கரப்பானைத்தான் கைகாட்டுவேன். குடல் பெரிதாக இருக்கும், பகுதிகளும் பிரித்தறிய எளிது.

முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் போதும். குடலில் மாவுச்சத்து (ஸ்டார்ச்) மிச்சமிருந்தால், பின்னால் சோதனையில் சேர்க்கும் அயோடின் அதையும் நீலமாகக் காட்டும். ஃப்ரீசரில் வைத்துக் கொன்ற பூச்சியின் இறக்கைகளை நீக்கி, முதுகு மேலே இருக்கும்படி மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி, மூழ்கும் அளவுக்கு 0.75 சதவீத உப்புக் கரைசல் ஊற்றுங்கள்.

இரண்டு ஓரங்களிலும் கத்தரியை மேலோட்டமாக ஓட்டுங்கள். நுனி ஆழமாக இறங்கினால் தீனிப்பை கிழிந்து, உள்ளிருக்கும் சாறு எல்லாவற்றோடும் கலந்துவிடும். அப்புறம் எந்தப் பகுதியைச் சோதித்தும் பயனில்லை. முதுகுத் தகடுகளைத் தூக்கியதும் வெள்ளைக் கொழுப்புதான் கண்ணில் படும். தூரிகையால் ஒதுக்குங்கள். மெல்லிய பெரிய பை தீனிப்பை. அதன் இருபுறமும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஒட்டிக் கிடக்கும். அடுத்து கெட்டியான அரைவைப்பை, அதன் பின்னால் விரல்களைப் போன்ற குருட்டுப்பைகள். அங்கே தொடங்கும் நடுக்குடல், மஞ்சள் நூல்களாகத் தெரியும், கழிவை வெளியேற்றும் மால்பீஜியன் குழல்களோடு முடிகிறது.

தீனிப்பையின் இரு முனைகளையும் நூலால் கட்டிய பிறகே வெட்டுங்கள். சுரப்பி, தீனிப்பை, நடுக்குடல், பின்குடல் என நான்கையும் தனித்தனிக் குழாயில், 1 மில்லி உப்புக் கரைசல் விட்டு, பனிக்கட்டி மேல் வைத்து அரையுங்கள். தெளிந்த சாறுதான் வேண்டும்.

1 சதவீத ஸ்டார்ச் கரைசல் 1 மில்லியோடு சாறு அரை மில்லி. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து, வெள்ளை ஓட்டில் அயோடினோடு சேருங்கள். அயோடினைக் குழாய்க்குள்ளேயே ஊற்றாதீர்கள். நீலம் மங்கிப் பழுப்பாகி, கடைசியில் அயோடினின் சொந்த நிறமே நின்றால் ஸ்டார்ச்சைச் சிதைக்கும் நொதியான அமைலேஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சாற்றிலும் கொஞ்சம் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதையும் கூடவே சோதியுங்கள். கொதித்ததில் நொதி செயலிழந்திருக்கும், அதனால் அதில் நீலம் மாறாமல் இருக்க வேண்டும். இது இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன்.

தீனிப்பைச் சாறும் நீலத்தைப் போக்கும். அதை வைத்து நொதி அங்கேதான் சுரக்கிறது என்று எழுதிவிட வேண்டாம். உமிழ்நீர் மேலிருந்து வருகிறது, நடுக்குடல் சாறு பின்னாலிருந்து ஏறி வருகிறது; சுரப்பது வேறிடம், செரிமானத்தில் பெரும்பகுதி நடப்பது இந்தப் பையில்.

புரதம் செரிக்கும் நொதிக்கு, கருத்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம் துண்டு போதும். நடுக்குடல் சாறு ஒரு துளி வைத்து, ஈரப் பெட்டியில் மூடி வைத்துக் கழுவுங்கள். ஜெலட்டின் கரைந்த இடம் கண்ணாடியாகத் தெரியும். இதையே கம்பளிப்புழுவில் செய்தால் கரைசலைக் காரமாக்கிக்கொள்ளுங்கள், அவற்றின் நடுக்குடல் பி.எச். 10 வரைகூடப் போகும்.