கூட்டறிவு நூல்கள்: முதல் அத்தியாயத்தோடு நிறுத்துவோர் செய்யும் தவறுகள்

பெங்களூரு சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் புதுமை, கூட்டறிவு (பலரின் கணிப்புகளைச் சேர்த்துப் பெறும் அறிவு) பற்றிய மேலாண்மை நூல்களைப் புரட்டினால், பெரும்பாலானவற்றில் பென்சில் அடிக்கோடுகள் முதல் அத்தியாயத்தோடு நின்றுபோயிருக்கும். வியப்பூட்டும் முடிவு அங்கே கிடைத்துவிடுகிறது. அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பது பின்னால்தான் வருகிறது.

மேலாண்மைப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997இல் எழுதிய நூல், நன்கு நடந்த ஹார்ட் டிஸ்க் நிறுவனங்கள் தங்கள் பெரிய வாடிக்கையாளர்களின் பேச்சைக் கேட்டதாலேயே சறுக்கியதை விளக்குகிறது. அதிலிருந்து 'டிஸ்ரப்ஷன்' (எளிய, மலிவான புதுவரவு மெல்ல வளர்ந்து பெரிய நிறுவனங்களைக் கவிழ்ப்பது) என்ற சொல்லை மட்டும் உருவி, வருகிற செயலிக்கெல்லாம் ஒட்டுவது ஒரு தவறு. அக்கோட்பாட்டைப் பஞ்சாங்கமாகக் கொள்வது இன்னொன்று. ஐஃபோன் வெற்றி பெறாது என்று 2007இல் கணித்தவர் கிறிஸ்டென்சனே.

கூட்டறிவில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது. 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் கண்காட்சியில், ஒரு மாட்டை அறுத்துச் சுத்தம் செய்தபின் எடை எவ்வளவு இருக்கும் என்ற போட்டிக்கு வந்த 787 சீட்டுகளைப் புள்ளியியல் அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் ஆராய்ந்தார். அவற்றின் நடு மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198 பவுண்டு. பலர் கூடிப் பேசினால் சரியான விடை வரும் என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அங்கே யாரும் கூடிப் பேசவே இல்லை. ஆளுக்கு ஆறு பென்ஸ் கட்டித் தனித்தனியே எழுதினார்கள். கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் அவர்களில் இருந்தார்கள்.

வைட்ஃபீல்டில் நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில், ஒரு வேலையை முடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணிக்கும்போது, "ஆறு வாரம் போதும்தானே?" என்று மேலாளர் தொடங்கி வைப்பார், மேசையைச் சுற்றி ஐந்தரை, ஆறு, ஆறரை என்றே பதில்கள் வரும். ஒருமுறை சீட்டில் எழுதி வாங்கினோம்; நான்கு முதல் பதினான்கு வரை வந்தது. உடனே சராசரி எடுத்து, எட்டு வாரம் என்று பலகையில் எழுதினோம். கண்காட்சியில் எல்லோரும் ஒரே மாட்டைப் பார்த்தார்கள். நாங்களோ வேலையின் ஆளுக்கொரு மூலையை மட்டுமே பார்த்திருந்தோம் என்பது எவருக்கும் உறைக்கவில்லை. பழைய தரவுத்தளத்தில் ஒரே வாடிக்கையாளர் மூன்று எண்களில் பதிவாகியிருப்பது பதினான்கு என்று எழுதியவருக்கு மட்டும் தெரியும். அவரிடம் நாங்கள் காரணம் கேட்டது ஏழாவது வாரத்தில்.