மதுரைப் பக்கம் இன்றிரவு எங்கே நாடகம்? நாள் தவறாமல் போய்ச் சேரும் வழி

மாசி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதாவது ஒரு மேடையில் நாடகம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் சினிமாவுக்கு இருப்பதைப் போல எந்த அரங்கில், எந்த நேரத்தில், என்ன நாடகம் என்று ஒரே இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாததால், ஆர்வம் உள்ளவர்கள்கூட ஒன்றிரண்டு முறை விசாரித்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். மூன்று சீசன்களாக ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாடகங்களைத் தேடிப் போய்ப் பார்த்ததில், எனக்கென்று ஒரு முறை அமைந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்

மதுரையில் நாடகம் என்றால் இரண்டு வகை. ஊருக்குள் அரங்குகளில் மாலையில் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் முடிபவை ஒரு வகை. ஊர்க் கோயில் திருவிழாக்களில் இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் இசை நாடகம் மற்றொரு வகை; இதைத்தான் ஸ்பெஷல் நாடகம் என்கிறோம். இரண்டையும் தேடும் வழிகள் வேறு வேறு.

"புது நாடகம் என்ன வந்திருக்கிறது?" என்று கேட்பவர்கள் ஸ்பெஷல் நாடக நோட்டீஸைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திர மயான காண்டம் என்று நூறு வருடத்துப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். இவற்றில் பலவற்றுக்கு மேடை வடிவம் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918இல் இதே மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியில்தான், பின்னாளில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து நாடகம் கற்றார்கள். இத்தகைய கம்பெனி நாடகத்தில் ஒரே குழு சேர்ந்து தங்கி, சேர்ந்து ஒத்திகை பார்த்து நடித்தது. ஸ்பெஷல் நாடகத்திலோ ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். ஒத்திகையும் கிடையாது, இயக்குநரும் கிடையாது. ஒருவர் திண்டுக்கல்லிலிருந்தும் இன்னொருவர் புதுக்கோட்டையிலிருந்தும் வந்து இறங்கி, சில சமயம் மேடையில்தான் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே கதை பழையதாக இருந்தாலும், அன்றைக்கு அமைந்த ஜோடியும் அவர்களுக்குள் மூளும் தர்க்கமும் அந்த ஓர் இரவுக்கே உரியவை. நோட்டீஸில் நாடகத்தின் பெயரைப் பார்ப்பதைவிட நடிகர்களின் வரிசையைப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

படி 2: ஊருக்குள் நடப்பவை

இது சுலபம். மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் வரும் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியைக் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹால், தமுக்கம் மைதானத்துக்கு அருகிலுள்ள ராஜா முத்தையா மன்றம், உலகத் தமிழ்ச் சங்கம் ஆகியவற்றின் பக்கம் போகும்போது வாசலில் தட்டி ஏதும் வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

நவீன நாடகம் விரும்புபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை, 1978இல் மதுரையில் மு. ராமசாமி தொடங்கிய நிஜ நாடக இயக்கம் என்று இந்தப் பக்கத்துக்கு நவீன நாடகத்தில் நீண்ட தொடர்பு உண்டு. ஆனால் இத்தகைய நாடகங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு காட்சியோடு அடுத்த ஊருக்குப் போய்விடும். நாளிதழில் பார்த்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்று இருந்தால் நாளைக்கு அங்கே வேறு ஏதாவது கூட்டம்தான் நடக்கும். கல்லூரித் தமிழ்த் துறையில் தெரிந்தவர் ஒருவர் இருப்பதும், முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தினரின் கலை இரவு எப்போது என்று கேட்டு வைத்திருப்பதும் எந்தச் செயலியையும்விட மேல்.

படி 3: நோட்டீஸைப் பிடியுங்கள், கீழிருந்து மேலாகப் படியுங்கள்

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆதாரம் நோட்டீஸ்தான். டீக்கடைச் சுவர், சலூன் கண்ணாடியின் ஓரம், மினி பஸ்ஸின் பின்கண்ணாடி ஆகிய மூன்று இடங்களிலும் அது கட்டாயம் இருக்கும். கிழிக்காமல் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான தாளில் வெயில் பட்டுப் பாதி எழுத்து வெளுத்துவிடுமாதலால், நேரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள்.

மேலே அம்மன் படமும் திருவிழா அழைப்பும் இருக்கும். நடுவில் நடிகர்களின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஊர்ப் பெயரோடு சேர்ந்த பெயர், அதற்கு முன்னால் பட்டங்கள். புதியவர்கள் இதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய விவரம் அடியில்தான் இருக்கிறது. நாடக அமைப்பாளர், மைக்செட்டுக்காரர் ஆகியோரின் பெயரும் எண்ணும், "இங்ஙனம் கிராமப் பொதுமக்கள்" என்பதற்குப் பக்கத்தில் கமிட்டியாரின் எண்கள், எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். ஒரே அமைப்பாளரின் பெயர் நான்கைந்து நோட்டீஸ்களில் வந்தால் அவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். அந்த மாதத்தில் அவர் ஒத்துக்கொண்டிருக்கும் ஊர்களெல்லாம் ஒரே அழைப்பில் கிடைத்துவிடும்.

படி 4: நாள் குறித்தல்

நான் விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாடிப்பட்டிக்கு மேற்கே ஓர் ஊரில் வள்ளி திருமணம். நோட்டீஸில் "செவ்வாய்க்கிழமை இரவு 10 மணி" என்று தெளிவாக அச்சாகியிருந்தது. முதல் இரண்டு மணி நேரம் பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் பேசி ஆடுவதுதானே, கதை தொடங்குவது நள்ளிரவுக்கு மேல்தானே, அப்போது போனால் போதும் என்று நினைத்து, செல்போனில் 12.30 என்று நினைவூட்டல் வைக்கப் போனேன். நள்ளிரவு தாண்டிவிட்டதால் செல்போன் அதைப் புதன்கிழமைக் கணக்கில் எழுதிக்கொண்டது, அதில் பிழையில்லை. செவ்வாய் இரவு தொந்தரவு இருக்கக் கூடாதென்று போனின் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டவன் காலையில்தான் எழுந்தேன். எழுந்து பார்த்தால் திரையில் "புதன், நாடகம்" என்று இருந்தது. அட, நாடகம் இன்றைக்குத்தான் போலிருக்கிறது என்று நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டு, அன்றிரவு பைக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

மேடை இருந்தது. சீன் படுதா இல்லை. மூங்கில்களில் கட்டியிருந்த ட்யூப் லைட்டுகளில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருக்க, மேடைமேல் துண்டை விரித்துப் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "நாடகமா தம்பி? அதான் காலையிலயே விடிஞ்சு முடிஞ்சுபோச்சே" என்றார். விடிந்து முடிந்தது என்று அவர் சொன்னதன் பொருத்தம் வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

நம் வழக்கில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. நாடகம் புதன்கிழமை காலை 5 மணிக்கு முடிந்தாலும் ஊராருக்கு அது செவ்வாய்க்கிழமை நாடகம்தான். செல்போனுக்கோ நள்ளிரவு தாண்டியவுடன் புதன் பிறந்துவிடுகிறது. ஆகவே நாடகத்துக்கு மட்டும் செல்போன் நாட்காட்டியைப் பயன்படுத்தாதீர்கள். ஆணியில் மாட்டிக் கிழிக்கும் தினசரி காலண்டரே சிறந்தது. நோட்டீஸில் இருக்கும் தமிழ்த் தேதியும் கிழமையும் காலண்டர் தாளோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, அந்தத் தாளிலேயே "இரவு 10, விடிந்தால் புதன்" என்று பேனாவால் எழுதிவிடுங்கள். செல்போன்தான் வேண்டும் என்பவர்கள் நள்ளிரவு நேரத்தை எழுதாமல், வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை, அதாவது செவ்வாய் இரவு 8.30 என்று குறித்துக்கொள்ளலாம்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பபூன் வரும் பகுதியைத் தவிர்க்கப் பார்த்ததே தவறு. அந்த ஊரின் தண்ணீர்ப் பிரச்சினை, அந்த வாரத்துச் செய்தி, போன தேர்தல் எல்லாம் முதலில் நுழைவது பபூனின் வாய் வழியாகத்தான். பழைய கதைக்குள் அன்றைய நடப்பைக் கொண்டுவருவது இன்று நேற்று வந்த பழக்கமும் அன்று. திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விஸ்வநாததாஸ், முருகன் வேடத்தில் நின்றுகொண்டு வெள்ளைக் கொக்கு என்ற சாடையில் வெள்ளைக்காரனை விரட்டிப் பாடியவர். பாட்டுக்காகப் பலமுறை சிறை சென்று, 1940இல் சென்னையில் மேடையிலேயே உயிர்விட்டவர். வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போதும் இந்தப் பழக்கத்தின் மிச்சத்தை நீங்கள் கேட்கலாம்.

படி 5: கிளம்பும் முன் மைக்செட்டுக்காரருக்குப் பேசுங்கள்

மழை, ஊரில் ஒரு சாவு, காவல்துறை அனுமதி கிடைக்கத் தாமதம் என்று எதனாலும் நாடகம் தள்ளிப்போகலாம். கமிட்டியார் திருவிழா அன்று போனை எடுக்க மாட்டார்கள்; எடுத்தாலும் பின்னால் ஒலிக்கும் பாட்டில் எதுவும் கேட்காது. மைக்செட்டுக்காரருக்கு அது தொழில் எண் என்பதால் கட்டாயம் எடுப்பார். "அண்ணே, இன்னைக்கு நாடகம் உண்டுல்ல?" என்ற ஒரு கேள்வி போதும். மதியம் 3 மணிக்கு மேல் பேசுங்கள். ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிட்டார் என்றால் நாடகம் உறுதி.

படி 6: அங்கே போனபின்

டிக்கெட் கிடையாது. ஊரார் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு நடத்தும் நாடகத்துக்கு நாம் விருந்தாளிகள் என்பதை மறக்காமல், முன்வரிசையை ஊர்ப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். பாட்டு பிடித்திருந்தால் மேடைக்கு அன்பளிப்பு கொடுக்கலாம். உங்கள் பெயரையும் ஊரையும் மைக்கில் வாசிப்பார்கள் என்பதால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் யோசித்துக் கொடுங்கள். பிளாஸ்டிக் பாய் பனியில் நனைந்து வழுக்கும், கோரைப்பாய்தான் நல்லது. ஒரு போர்வையும் வேண்டும். சித்திரையிலும் விடியற்காலை 3 மணிக்குக் குளிரத்தான் செய்யும்.

உட்காருவதற்கு என் தேர்வு, மேடையில் ஆர்மோனியக்காரர் அமர்ந்திருக்கும் பக்கம். ஒத்திகை இல்லாத நாடகத்தில் அவர்தான் தாங்குகோல். நடிகர் எந்தச் சுருதியில் எடுப்பார் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ராஜபார்ட் வசனத்தின் கடைசிச் சொல்லை இழுக்கும்போதே ஆர்மோனியக்காரர் துருத்தியை இயக்கத் தொடங்கிவிடுவார். நடிகர் மூச்சை இழுத்து வாய் திறப்பதற்குள் சுருதி காத்துக்கொண்டிருக்கும். எப்போதாவது அது பிசகும். அப்போது நடிகர் பாட்டை நிறுத்தாமலே ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார். இவர் சிரித்துக்கொண்டே கட்டையை மாற்றுவார். பின்வரிசையில் உட்கார்ந்தால் இவை எதுவும் தெரியாது.

பின்சேர்க்கை 1: பெண்கள் தனியாக வரலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். என் அக்கா இரண்டு நாடகங்களுக்கு என்னோடு வந்தார். பெண்கள் ஒருபுறமும் ஆண்கள் ஒருபுறமும் அமர்வதால் நான் பக்கத்தில் இருந்து பயனில்லை என்பதை முதல் நாளே கண்டுகொண்டு, அடுத்த முறை ஒன்பதரைக்கே போய், பாய் விரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தோடு பேசிச் சேர்ந்துகொண்டார். விடியும்வரை அவர்கள் வீட்டு முறுக்கும் கழிப்பறையும் அவருக்குக் கிடைத்தன. எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை. ஒன்பதரைக்கு முன்னால் போய்விடுங்கள் என்பதே அவர் சொல்லச் சொன்னது.

பின்சேர்க்கை 2: நான் எழுதியபடியே நாளைச் சரியாகக் குறித்துக்கொண்டு, மைக்செட்டுக்காரரிடமும் பேசி உறுதிசெய்துகொண்டு கிளம்பிய ஒரு வாசகர், வேறு ஒரு புதுப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். மதுரையைச் சுற்றிப் புதுப்பட்டி, புதூர், மேலப்பட்டி என்ற பெயரில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பதை நான் எழுதாமல் விட்டது என் பிழைதான். செல்போன் வரைபடம் உங்களுக்கு அருகிலுள்ள புதுப்பட்டியைக் காட்டும். நாடகம் நடக்கும் புதுப்பட்டியை அதற்குத் தெரியாது. நோட்டீஸில் ஊர்ப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் தாலுகாவும், பல சமயம் "வழி" என்று ஓர் ஊரும் போட்டிருப்பார்கள். அதைப் படம் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் கிழிந்திருந்தால் மைக்செட்டுக்காரரிடம் இரண்டாவது கேள்வியாக, "அண்ணே, நாடகம் நடக்குற ஊருக்கு எந்த பஸ் ஸ்டாண்டுல ஏறணும்?" என்று கேளுங்கள். ஆரப்பாளையம் என்கிறாரா, மாட்டுத்தாவணி என்கிறாரா என்பதிலேயே திசை தெரிந்துவிடும். என் நோட்டில் ஊர்ப் பெயருக்கு அடுத்த கட்டத்தின் தலைப்பை இப்போது "எந்த பஸ்" என்று மாற்றிவிட்டேன்.